திரை நம் முன்னே, திறவுகோல் யாரிடம்?



காரியாலய மேசைகளிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டி மெல்ல மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது. திரை இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, மவுஸ் இருக்கிறது. காலடியிலே உறுமிக்கொண்டு கிடந்த அந்தப் பெட்டியை மட்டும் காணோம். அதற்குப் பதிலாகத் திரையின் முதுகிலே ஒட்டிக்கொண்டு, டிபன் டப்பா அளவில் ஒரு சின்னஞ்சிறு கருவி இருக்கிறது. அதற்குள்ளே நம்முடைய கடிதம் இல்லை, கணக்கு இல்லை, கோப்பு இல்லை. வேலை நடப்பதெல்லாம் வேறிடத்தில். பம்பாயிலோ, அயர்லாந்திலோ, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலோ, காவல் போட்டுப் பூட்டிய கட்டடம் ஒன்றுக்குள்ளே அது நடக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ‘வர்ச்சுவல் டெஸ்க்டாப்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

“இது கம்ப்யூட்டர்காரர்கள் விவகாரம். தொழிலாளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கும் தோழர்கள் இருக்கக்கூடும். சம்பந்தம் உண்டு. தொழிலாளியின் கருவி எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, யார் நினைத்தால் அது நின்றுபோகும் என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதைத் தறிக்காரருக்கும் லேத் பட்டறைத் தோழருக்கும் நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. வங்கியிலும், இன்ஷ்யூரன்ஸ் காரியாலயத்திலும், ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவிலும், பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களிலும் இரவு பகலாக உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கருவி இந்தக் கம்ப்யூட்டர்தான். அது மேசையை விட்டுப் போகிறது என்றால், போகும் இடம் எது என்று கேட்பது நம் கடமையாகிறது.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். டூரிங் டாக்கீஸிலே படம் பார்த்திருக்கிறோம். வெண்திரையில் கதாநாயகன் கத்தி சுழற்றுகிறான், காதல் செய்கிறான், கண்ணீர் விடுகிறான். திரையைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இராது. படச்சுருள் இருப்பது பின்னாலே, ஆபரேட்டர் அறையில். வர்ச்சுவல் டெஸ்க்டாப்பும் அப்படித்தான். ஆனால் இந்தக் கொட்டகையிலே ஒவ்வொருவருக்கும் தனிப்படம். அந்தப் படத்தைத் தான் விரும்பியபடி நடத்தவும் முடியும். நாம் ஓர் எழுத்தைத் தட்டுகிறோம். அந்தத் தட்டல் கம்பி வழியே தொலைவிலுள்ள யந்திரத்துக்குப் போகிறது. எழுத்து அங்கே விழுகிறது. விழுந்த எழுத்தின் படம் திரும்பி வந்து நம் திரையிலே தெரிகிறது. போவது தட்டல், வருவது படம். கடிதம் அங்கேயே இருக்கிறது. அதனால்தான் நம் எதிரிலிருக்கும் கருவியை ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடினாலும் அவன் கையில் வெறும் டப்பாதான் மிஞ்சும்.

அந்தத் தொலைதூரக் கட்டடத்தில் நடப்பது என்ன? சர்வர் என்னும் பெரிய யந்திரம் ஒன்று. அதை ‘ஹைப்பர்வைசர்’ என்ற மென்பொருள் பல தடுப்புகளாகப் பிரிக்கிறது. திருவல்லிக்கேணியிலே பழைய வீடொன்றை ஒண்டுக்குடித்தனங்களாகத் தடுத்து வாடகைக்கு விடுவது போல! ஒவ்வொரு தடுப்பும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொள்கிறது; தனக்கென்று தனி விண்டோஸ் வைத்துக்கொண்டு ஓடுகிறது. காலையிலே ஊழியர் தம் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்ததும், வாசலில் நிற்கும் புரோக்கர் காலியாக உள்ள தடுப்பு ஒன்றைக் காட்டி அங்கே அனுப்பி வைக்கிறது. ஆமாம், அந்த மென்பொருளுக்குப் பெயரே புரோக்கர்தான். பெயர் வைத்தவர்கள் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார்கள் போலும்!

இந்தக் குடித்தனத்திலும் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, இன்னாருக்கு இன்ன தடுப்பு என்று நிலையாக ஒதுக்குவது. அங்கே நாம் மாட்டிய காலண்டர் மறுநாளும் மாட்டியபடியே இருக்கும். மற்றொன்று லாட்ஜ் அறை மாதிரி. மாலையில் வெளியேறியதும் அறையைக் கழுவித் துடைத்துப் பழையபடி ஆக்கிவிடுவார்கள். மறுநாள் காலையில் எந்த அறை கிடைக்குமோ! இதற்காக ஒரே ஒரு மூலப்பிரதியைத் தயாரித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து நூறு, ஆயிரம் என்று நகல் எடுக்கிறார்கள். மூலத்தில் ஒரு திருத்தம் செய்தால் ஆயிரம் மேசையிலும் அந்தத் திருத்தம் விழுந்துவிடும். மூலத்தில் ஒரு பிழை விழுந்தால்? அதுவும் ஆயிரம் மேசைக்கும் உண்டு. சமத்துவம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

நிர்வாகத்தார் பொதுவாகச் சொல்லாத ஒரு சங்கதியும் உண்டு. மில்லிலே சங்கு ஊதியதும் வாசலில் ஏற்படும் நெரிசலைப் பார்த்திருக்கிறீர்கள். அதே நெரிசல் இங்கேயும் ஏற்படுகிறது. ஒன்பது மணிக்கு ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் ஆயிரம் விண்டோஸ் ஒரே நேரத்தில் கண் விழிக்க வேண்டும். எல்லாம் ஒரே சேமிப்புக் கிடங்கை முற்றுகையிடும். இதற்கு அந்தத் தொழிலிலே ‘பூட் ஸ்டார்ம்’ என்று பெயர். புயல் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். கிடங்கைச் சிக்கனமாகக் கட்டிய நிறுவனத்தில், ஊழியர் திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த நிமிடங்கள் யார் கணக்கில் எழுதப்படுகின்றன என்பதைப் பின்னால் பேசுவோம்.

இது புத்தம் புதிய அதிசயமா? இல்லை. 1961-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் கொர்பாட்டோ என்ற அறிஞர், ஒரே யந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையைச் செய்து காட்டினார். அதே அறுபதுகளில் ஐ.பி.எம். கம்பெனியின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தார், ஒரு யந்திரத்தைப் பல யந்திரங்களாகத் தோன்றச் செய்யும் வித்தையையும் கண்டுபிடித்துவிட்டார்கள். 1972-ல் அதைச் சரக்காக்கி விற்பனைக்கு அறிவித்தது ஐ.பி.எம். அன்றைக்கு மேசையிலே இருந்தது வெறும் டெர்மினல். அதற்குச் சொந்த மூளை இல்லை.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம்.மின் பர்சனல் கம்ப்யூட்டர் வந்தது. ‘பர்சனல்’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். குமாஸ்தாவின் மேசைக்கே மூளை வந்து சேர்ந்தது. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் ஒரு சிற்றெழுத்தர் தம் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. குழப்பமும் கூடவே வந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு மாதிரி மென்பொருள், ஒவ்வொரு மாதிரி வைரஸ். ஆனாலும் அந்தக் குழப்பத்திலே ஊழியனுக்குக் கொஞ்சம் கையோட்டம் இருந்தது என்பதே நம் கருத்து.

அந்தக் கையோட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் முயற்சிக்கு அதிக நாள் ஆகவில்லை. ஐ.பி.எம்.மிலிருந்து வெளியேறிய எட் யாகோபூச்சி என்பவர் 1989-ல் சிட்ரிக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஒரே விண்டோஸ் யந்திரத்திலே பலர் உட்கார்ந்து வேலை செய்ய வழி செய்யும் சரக்கை 1995-ல் வெளியிட்டது அந்தக் கம்பெனி. மைக்ரோசாப்ட் அந்த நுட்பத்தை உரிமம் பெற்று, 1998-ல் தன் பெயரிலே சந்தைக்குக் கொண்டுவந்தது. 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ‘சன் ரே’ என்ற மூளையில்லாக் கருவியை விற்றது. அதிலே ஓர் அழகு உண்டு, சொல்லித்தான் ஆக வேண்டும். ஊழியர் தம் அட்டையை உருவிக்கொண்டு எழுந்து போய், வேறு மாடியிலுள்ள வேறு கருவியிலே செருகினால், பாதியில் விட்ட வாக்கியம் பாதியிலேயே அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். பிறகு வி.எம்.வேர் வந்தது, அமேசான் 2014-லும் மைக்ரோசாப்ட் 2019-லும் தங்கள் கிடங்குகளிலிருந்தே மேசைகளை வாடகைக்கு விடத் தொடங்கின. 2021-ல் ‘விண்டோஸ் 365’ என்று மாதச் சந்தா மேசையும் வந்து சேர்ந்தது.

நல்லதே இதில் இல்லையா? இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பவர்கள் அல்ல நாம். 2006 மே மாதத்திலே அமெரிக்க சர்க்காரின் முன்னாள் படைவீரர் இலாகாவில் வேலை பார்த்த ஓர் ஊழியரின் வீட்டில் திருட்டு நடந்தது. போனது ஒரு லேப்டாப்பும் அதனோடு இருந்த சேமிப்புக் கருவியும்தான். அதற்குள்ளே இருந்ததோ 2 கோடியே 65 லட்சம் பேருடைய பெயர், பிறந்த தேதி, அடையாள எண்! அடுத்த மாதமே கருவி திரும்பக் கிடைத்தது என்பது வேறு கதை. அந்த விவரங்கள் மத்திய யந்திரத்திலேயே இருந்திருந்தால், திருடனுக்குக் கிடைத்திருப்பது பழைய இரும்புதான். நோயாளியின் வியாதி, வங்கிக்காரரின் கணக்கு, தொழிலாளியின் சம்பளச் சீட்டு இவையெல்லாம் ஊர் சுற்றும் லேப்டாப்புகளில் கிடப்பதைவிட, ஓரிடத்தில் காவலோடு இருப்பது மேல் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது.

2020 மார்ச் மாதத்தையும் மறந்துவிடலாகாது. 24-ஆம் தேதி இரவு நாட்டை மூடுவதாக அறிவித்தார்கள். காரியாலயப் பெட்டிகளை லாரியிலும் வேனிலும் ஏற்றி ஊழியர் வீடுகளுக்கு அனுப்பிவைத்த காட்சியைப் பார்த்தோம். சிறப்புப் பொருளாதார மண்டலத்திலிருந்து பெட்டியை வெளியே எடுக்கத் தனி அனுமதி வேறு தேவைப்பட்டது. மத்தியில் மேசை இருந்த கம்பெனிகளிலோ, வீட்டிலிருந்த எந்தக் கருவியையாவது வைத்துக்கொண்டு வேலையைத் தொடர முடிந்தது. பல குடும்பங்களில் அன்றைக்கு அடுப்பு அணையாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே தோழர்களே, யந்திரத்தின்மேல் நமக்குக் கோபம் இல்லை. வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. தூர் வார வேண்டும், கயிறு அறுந்தால் மாற்ற வேண்டும், தவளை விழுந்தால் எடுக்க வேண்டும். தொல்லைதான். மேல்நிலைத் தொட்டி கட்டி, தெருவுக்குத் தெரு குழாய் போட்டார்கள். சுகம்தான். ஆனால் தொட்டியின் திருகு யார் கையிலே?

2024 பிப்ரவரியில் அமெரிக்காவிலே நடந்ததைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். அந்நாட்டிலே ‘சேஞ்ச் ஹெல்த்கேர்’ என்று ஒரு ஸ்தாபனம் உண்டு. மருந்துக்கடை, ஆஸ்பத்திரி, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி இவற்றுக்கு நடுவிலே நின்று பில்களைக் கைமாற்றிவிடும் தரகு வேலை அதற்கு. ஆண்டொன்றுக்குச் சுமார் 1,500 கோடி பரிமாற்றங்கள் அதன் வழியே ஓடின. அமெரிக்க நோயாளிகளில் மூவரில் ஒருவருடைய ஏடு அதன் கையைத் தொட்டுத்தான் போகும் என்பார்கள். இவ்வளவு பெரிய ஸ்தாபனத்தை யுனைடெட்ஹெல்த் என்ற அதைவிடப் பெரிய திமிங்கிலம் 2022 அக்டோபரில் விழுங்கியது. ஏகபோகம் என்றால் என்ன என்று கேட்கும் இளைஞர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது.

பிப்ரவரி 12-ஆம் தேதி திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். சுவர் ஏறிக் குதிக்கவில்லை, கன்னம் வைக்கவில்லை. களவாடிய பெயரும் கடவுச்சொல்லும் கையிலே வைத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகவே நடந்து போனார்கள். எந்த வாசல்? தொலைவிலிருந்து டெஸ்க்டாப்புகளைப் பயன்படுத்துவதற்கென்றே வைத்திருந்த சிட்ரிக்ஸ் வாசல். கடவுச்சொல்லுக்கு மேலே இரண்டாவது பூட்டாக, கைப்பேசிக்கு ஓர் எண் அனுப்பிச் சரிபார்ப்பது போன்ற ஏற்பாடு ஒன்று உண்டே, நம் ஊர் ரேஷன் கடையிலும் பாங்கியிலும்கூட அது இருக்கிறதே, அந்தப் பூட்டு அந்த வாசலிலே இல்லை! ஒன்பது நாள் உள்ளே உலாவினார்கள். ஏடுகளை அள்ளிக்கொண்டார்கள். 21-ஆம் தேதி, யந்திரங்களில் இருந்ததையெல்லாம் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டார்கள்.

கம்பெனி 2 கோடியே 20 லட்சம் டாலர் கப்பம் கட்டியது. அது கம்பெனியின் பணம். கம்பெனிக்கு அது பெரிதல்ல. மருந்துக்கடை வாசலிலே நின்றவர்களைப் பாருங்கள். இன்ஷ்யூரன்ஸ் உண்டா இல்லையா என்று கடைக்காரரால் பார்க்க முடியவில்லை. கையில் காசு இருந்தவர்கள் முழு விலை கொடுத்து மருந்து வாங்கினார்கள். இல்லாதவர்கள் திரும்பிப் போனார்கள். சிறு டாக்டர்களும் சிறு ஆஸ்பத்திரிகளும் வாரக்கணக்கில் பணம் வராமல் சம்பளப் பட்டுவாடாவுக்குத் திண்டாடின. தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ விட்டி அந்த ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கக் காங்கிரஸின் கமிட்டிகள் முன்னால் உட்கார்ந்து, அந்த வாசலில் இரண்டாவது பூட்டு இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். சுமார் 19 கோடி மக்களின் விவரங்கள் களவு போயின என்று 2025-ல் கணக்குச் சொன்னார்கள். அமெரிக்காவின் பாதி ஜனத்தொகைக்கும் மேல்!

இதிலே மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. பூட்டாமல் விட்ட நிர்வாகத்தின் குறை. மென்பொருளிலேயே ஓட்டை இருந்த கதையும் உண்டு. அது அதற்கு முந்திய ஆண்டு, 2023 அக்டோபரில். சிட்ரிக்ஸ் வாயிற்கருவியில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. கடவுச்சொல்லே இல்லாமல், ஏற்கனவே உள்ளே இருப்பவரின் அனுமதிச் சீட்டைத் திருடிக்கொண்டு நுழையும் வழி அது. அமெரிக்காவின் காம்காஸ்ட் கம்பெனியிடமிருந்து மட்டும் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விவரங்கள் அந்த வழியே போயின. ஆயிரம் கதவு இருந்தபோது ஆயிரம் சிறு திருட்டு. ஒரே கதவு ஆனபின் ஒரே திருட்டு. ஆனால் ஊரே போய்விடுகிறது.

திருடன் கதை இருக்கட்டும். சட்டப்படி வருகிற வீட்டுக்காரர் கதையைக் கேளுங்கள்.

ஹைப்பர்வைசர் சந்தையிலே முதல்வராக விளங்கிய வி.எம்.வேரை, பிராட்காம் கம்பெனி 2023 நவம்பரில் 6,000 கோடி டாலருக்கும் அதிகமான விலைக்கு வாங்கியது. அதற்கு மறு மாதமே, ஒரு தடவை விலை கொடுத்து வாங்கினால் என்றைக்கும் சொந்தம் என்ற பழைய உரிமத்தின் விற்பனையை நிறுத்திவிட்டது. இனி சந்தாதான், அதுவும் தனித்தனிச் சரக்காகக் கிடையாது, மூட்டையாகத்தான் எடுக்க வேண்டும். ஏ.டி. அண்டு டி. என்னும் அமெரிக்க டெலிபோன் கம்பெனி, தொழிலாளிகளை வாட்டுவதில் அதுவும் லேசுப்பட்டதல்ல, 2024-ல் இந்த விவகாரத்துக்காகக் கோர்ட்டுக்குப் போய் ராஜியாகியது. பெரிய மீனே துடிக்கிறதென்றால் குளத்திலுள்ள சின்ன மீன்களின் கதி என்ன? வி.எம்.வேரின் டெஸ்க்டாப் பிரிவைத் தனியே வெட்டி, கே.கே.ஆர். என்ற முதலீட்டுக் கம்பெனிக்கு 2024-ல் சுமார் 400 கோடி டாலருக்குக் கைமாற்றினார்கள். சிட்ரிக்ஸோ அதற்கும் முன்பே, 2022-ல், 1,650 கோடி டாலருக்கு இரண்டு முதலீட்டுக் கோஷ்டிகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. நாம் காலையில் தட்டும் எழுத்து விழுகிற இடம் யாருடையது என்று கேட்டால், பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலைமை! “பெட்டிக்குப் பதில் டப்பா வாங்கினால் செலவு மிச்சம்” என்று சொல்லி ஆரம்பித்த நிர்வாகங்கள், சர்வருக்கும் சேமிப்புக் கிடங்குக்கும் சந்தாவுக்கும் கட்டிவிட்டு, மிச்சம் பிடிக்க வேறு இடம் தேடுகின்றன. மிச்சம் பிடிக்க நிர்வாகம் கை நீட்டும் முதல் இடம் எது என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போது நம் சொந்த விவகாரத்துக்கு வருவோம். சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், நியூயார்க்கிலுள்ள கம்பெனியின் வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் நுழைந்து வேலை பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அன்றாடம் நடப்பதுதான். நேர்கோட்டிலே தூரம் சுமார் 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஒரு தட்டல் போய் அதன் படம் திரும்பி வர, எந்தத் தடையும் இல்லாவிட்டாலும், நூற்று முப்பத்தைந்து மில்லி விநாடி. கடலடிக் கேபிளோ நேர்கோட்டில் போவதில்லை. நடுவழியில் நிற்கும் யந்திரங்களும் தங்கள் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். ஆகையால் உண்மையிலே அதைவிட மிகவும் அதிகம். ஒரு தட்டலுக்கு இது அற்பம். நாளெல்லாம் தட்டுகிறவளுக்கு, விரலுக்கும் கண்ணுக்கும் நடுவிலே ஓயாத பிணக்கு. தட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடி தட்டுவாள், இரண்டு எழுத்தாக விழும், அழிப்பாள். இயற்கை விதித்த எல்லை இது. எந்த முதலாளியாலும் ஒளியை ஓவர்டைம் பார்க்க வைக்க முடியாது.

ஆனால் கால் சென்டரிலே ஒரு வாடிக்கையாளரை எத்தனை நிமிடத்தில் முடித்து அனுப்பினார் என்று சராசரி போடுகிறார்களே, அந்தச் சராசரியில் கேபிளின் தாமதத்தைக் கழிக்கிறார்களா? ஒன்பது மணிப் புயலிலே வட்டம் சுற்றிய நேரத்தைக் கழிக்கிறார்களா? இரவு ஷிப்ட் பார்க்கும் தோழர்கள் யாரையேனும் கேட்டுப் பாருங்கள். 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோதும், 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே கேபிள்கள் அறுந்தபோதும், இங்கே திரைகள் ஊர்ந்தன. கடலடியில் கேபிள் அறுந்தால் அதற்கு வேளச்சேரியில் குடியிருக்கும் பெண்ணா பொறுப்பு?

அடுத்தது கண்காணிப்பு. மேசை மத்தியில் இருப்பதால், எத்தனை மணிக்கு நுழைந்தார், எத்தனை மணிக்கு வெளியேறினார், எத்தனை நிமிடம் விரல் அசையவில்லை என்பதெல்லாம் கேட்காமலே ஏட்டில் ஏறிவிடுகிறது. திரையில் நடப்பதை அப்படியே சினிமாப் படமாகப் பிடித்து வைக்கும் வசதியும் இந்த மென்பொருள்களிலே உண்டு. திருட்டைத் துப்புத் துலக்க அது வேண்டும் என்பார்கள். வேண்டியிருக்கலாம். ஆனால் ரூபாய் எண்ணுகிறவன்மேல் வைத்த கண், அவன் தண்ணீர் குடிக்கப் போவதையும் எண்ணத் தொடங்கினால்? ஊழியர் எதிர்த்தால் நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. லண்டனிலே பார்க்ளேஸ் வங்கி, ஊழியர் மேசையில் இருந்த நேரத்தை அளக்கும் மென்பொருளைப் புகுத்தி, எழுந்த கண்டனத்தைத் தாங்காமல் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. அதே ஆண்டு மைக்ரோசாப்ட் ‘புரொடக்டிவிட்டி ஸ்கோர்’ என்ற மதிப்பெண் ஏட்டிலே ஊழியரின் பெயரைப் போட்டு வைத்தது. கூக்குரல் எழுந்ததும் டிசம்பர் முதல் நாளிலேயே பெயர்களை நீக்குவதாக அறிவித்தது. கேட்டால் கொடுக்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. கேட்காதவரை கொடுத்ததில்லை.

நம் நாட்டிலே இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. அறுபதுகளில் கல்கத்தாவின் இலாகோ ஹவுஸில் எல்.ஐ.சி. கம்ப்யூட்டர் வைக்க முனைந்தபோது, ஊழியர்கள் அந்தக் கட்டடத்துக்கு இரவும் பகலும் காவல் நின்றார்கள். அந்தப் போராட்டத்தின் நோக்கம் யந்திரத்தையே தடுப்பது. பிற்பாடு வங்கி ஊழியர் சங்கங்கள் வேறு பாதையைத் தேர்ந்தெடுத்தன. 1983-ல் வங்கி நிர்வாகங்களின் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி, யந்திரம் எங்கே வரலாம், எவ்வளவு வரலாம் என்பதை ஒப்பந்தத்தின் ஷரத்துகளாகவே எழுதி வாங்கின. அந்த ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தது அதிகமா, வாங்கியது அதிகமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஓய வேண்டியதும் இல்லை. ஆனால் யந்திரத்தைப் பற்றிப் பேசும் மேசையிலே தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி இருந்தது.

கண்ணாடிக் கட்டடங்களிலே அந்த நாற்காலியைப் பார்ப்பதே அரிது. நாற்காலி கிடைக்கிற இடத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. வர்ச்சுவல் டெஸ்க்டாப் உறைந்து நின்ற நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும். அதை ஊழியரின் சராசரியில் சேர்க்கலாகாது. நுழைவு-வெளியேற்றக் குறிப்பை எதற்குப் பயன்படுத்துகிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பதை எழுத்திலே தர வேண்டும். திரையைப் படம் பிடிப்பதானால் பிடிக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வேலைநீக்க உத்தரவு கைக்கு வரும் முன்பே திரையை மூடிவிட்டு, “உங்கள் கணக்கு செல்லாது” என்ற ஒரு வரியால் மனிதனை வெளியேற்றும் வழக்கம் கூடாது. தன் சம்பளச் சீட்டையும் அனுபவச் சான்றையும் எடுத்துக்கொள்ளவாவது அவகாசம் தர வேண்டும். அவையும் அந்தப் பூட்டிய கட்டடத்துக்குள்ளேதானே இருக்கின்றன!

வீட்டிலிருந்து வேலை என்றால் மின்சாரக் கட்டணமும் இண்டர்நெட் கட்டணமும் யாருடையது? காரியாலயத்தின் வாடகை, விளக்கு, ஏர்கண்டிஷன் எல்லாம் முதலாளிக்கு மிச்சமாகின்றன. நம் வீட்டு மீட்டர் ஓடுகிறது. போர்ச்சுகல் நாட்டிலே 2021-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். வீட்டு வேலையால் ஏற்படும் கூடுதல் மின்சார, இண்டர்நெட் செலவை முதலாளி ஏற்க வேண்டும். ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொந்தரவு செய்யக்கூடாது. போர்ச்சுகலில் முடிந்தது பொள்ளாச்சியில் ஏன் முடியாது?

அதுவரைக்கும் ஒரு காரியத்தை இன்றைக்கே தொடங்கலாம். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கம்ப்யூட்டரில் வேண்டாம், காகித நோட்டே போதும். கம்ப்யூட்டரில் எழுதினால் அது எங்கே போய் விழும் என்பதைத்தான் இவ்வளவு நேரம் பேசினோம். திரை உறைந்த தேதி, மணி, நிமிடம், மேலதிகாரியிடம் சொன்ன நேரம், அவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். பக்கத்து மேசைத் தோழரையும் குறிக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் போடும் மாதம் வரும்போது, நிர்வாகத்தின் ஏட்டுக்குப் பக்கத்திலே அந்த நோட்டையும் விரித்து வைக்கலாம்.